ஆளுக்கு ஐந்து லிட்டர்... தேரிக்காட்டில் மூன்று நாள்!

மணல்மேடு பார்க்க ஜெய்சல்மேருக்கு ரயிலேற வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு மணி நேர பஸ் பயணம். அங்கிருந்து காயாமொழிக்கு இன்னொரு பஸ். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மண் செங்கல் பொடி மாதிரி சிவந்துவிடும். அதுதான் குதிரைமொழித் தேரி. காரில் வருகிறவர்கள் ஒரு மணி நேரம் நின்று, ரீல்ஸ் எடுத்து, செருப்பைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சினிமாக்காரர்களுக்கு இது சண்டைக்காட்சி எடுக்கும் இடம். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இதன் உள்ளேயும் ஓரத்திலுமாக மூன்று நாள் நடந்து பார்க்கலாமே என்று கடந்த மார்கழியில் கிளம்பினோம்.

நான்கு பேர். எல்லோருக்கும் திரேஸ்புரம்தான். ஒருவன் சங்கு குளிக்கிறவன். ஒருவன் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறான். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு மூத்தவர் என்பதால் 'அண்ணன்'. நான்காவது ஆள் நான். வாடைக்காற்று பலமாக அடித்த வாரம் அது, வள்ளங்கள் கரையில் கிடந்தன. கடல்காரப் பயல்களுக்கு மணல்காட்டில் என்ன வேலை என்று வீடுகளில் கேட்டார்கள். சங்கு குளிக்கிறவனின் அம்மா மட்டும், "வருஷம் பூரா தண்ணிக்குள்ளயே கெடக்கான். மூணு நாளு தண்ணி இல்லாத எடத்துல கெடந்துட்டு வரட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

ஏன் மார்கழி?

ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். வைத்த தடம் கண்முன்னே மூடிப்போகும். ஒரு காலத்தில் தேரி இப்படியே நகர்ந்து வந்து வயலையும் வீட்டையும் மூடியிருக்கிறது. பனையும் கொல்லாமரமும் உடைமரமும் நட்டுத்தான் அதைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் கட்டுண்ட தேரி.

வெளிநாடுகளிலும் இதே கணக்குதான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் அந்த வட்டாரத்தில் மூட்டை சுமந்து பல நாள் நடக்க நினைப்பவர்களில் பலர் குளிர்காலத்துக்குக் காத்திருப்பார்கள். நம் பக்கத்தில் பாறைப் பள்ளத்தாக்கே வேண்டும் என்றால் ஆந்திராவில் பெண்ணாறு அறுத்த கண்டிக்கோட்டை இருக்கிறது. அங்கேயும் குளிர்காலம்தான் நல்லது.

எங்கள் ஊர்க் குளிர் ஊட்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கிற குளிர்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மணல் மார்கழியில் இறுகிக் கிடக்கும், கால் அவ்வளவாகப் புதையாது. அது ஒன்றே போதும்.

மழை பெய்கிற பாலைவனம்

உண்மையில் தேரி பாலைவனமே அல்ல. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடிக் கரைக்குக் கிடைப்பது சுமார் 650 மி.மீ. சில சமயம் அதற்கும் மேலே. எங்கள் பஸ் காயல்பட்டினம் வழியாகத்தான் போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த ஊரில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழைக்கும் மேல், ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டது அப்போதுதான். ஆகவே மார்கழிப் பயணத்துக்கு முதல் வேலை, வானிலை அறிவிப்பைப் பார்ப்பது. காற்றழுத்தத் தாழ்வு என்ற வார்த்தை காதில் விழுந்தால் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். தேரி ஓரத்தில் மழைநீர் அறுத்த ஓடைகள் வெறும் மணலாகக் கிடக்கும். மழையில் அவற்றை நம்ப முடியாது.

இவ்வளவு மழை பெய்தும் தரை ஏன் வறண்டு கிடக்கிறது? மணல் தண்ணீரை மேலே வைத்துக்கொள்வதில்லை. விழுந்த துளி நேராகக் கீழே இறங்கிவிடும். அது ஓரங்களில் சுனையாகவும், தாழ்ந்த இடங்களில் தருவையாகவும், ஊர்க் கிணறுகளில் ஊற்றாகவும் வெளியே வரும். புத்தன்தருவை, வைரவன்தருவை என்று ஊர்ப்பக்கம் சொல்லும் நீர்நிலைகளெல்லாம் இந்தச் செம்மணலை ஒட்டியவைதான். தேரி என்பது மூடிபோட்ட தண்ணீர்த்தொட்டி. தொட்டியின் மேலே நடக்கிறவனுக்கு மட்டும் குடிக்க ஒரு சொட்டுக் கிடைக்காது. இதை மூளை அறிந்துகொள்வது வேறு, நாக்கு அறிந்துகொள்வது வேறு. இரண்டாம் நாள் அது எங்களுக்குத் தெரிந்தது.

முதல் நாள்: சுனை

திருச்செந்தூர் கடற்கரையில் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினோம். அலைக்குப் பக்கத்திலேயே உப்பில்லாத தண்ணீர். பிறகு மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். பெயரிலேயே சுனை. மரங்கள் அடர்ந்த அந்தக் குளிர்ச்சியிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் செம்மணல் ஆரம்பிப்பதைப் பார்த்தால், இரண்டும் ஒரே மண்ணின் வேலை என்று நம்பச் சிரமமாக இருக்கும்.

மாலையில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை முடிகிற சமயம் இங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா. கோயிலை ஒட்டிய தேரியில், கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் விழுந்த செம்மண்ணை அள்ளிக்கொண்டு போக அவ்வளவு கூட்டம் முட்டும். வீட்டிலும் வயலிலும் போட்டால் விளங்கும் என்பது நம்பிக்கை. நாங்கள் போனபோது திருவிழா முடிந்து கடைப்பந்தல் குழிகள் மட்டும் மிச்சமிருந்தன. இரவு ஊருக்குள் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்தோம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போடுவதும் தீ மூட்டுவதும் கூடாது. பகலில் உள்ளே நடப்பதற்கும் முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

இரண்டாம் நாள்: கருக்கு

திட்டம் இதுதான். விடியுமுன் கிளம்பி, தேரியை மேற்கே கடந்து மெய்ஞ்ஞானபுரம் போய்ச் சேர்வது. வரைபடத்தில் சின்ன தூரம். ஆனால் தார்ச்சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவன் மணலில் இரண்டரை நடந்தால் பெரிது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், அதாவது ஐந்து கிலோ. அவல், கருப்பட்டி, அவித்த பனங்கிழங்கு. கருவாடும் ஊறுகாயும் அண்ணன் தடைபோட்டுவிட்டார். உப்பு தின்றால் தண்ணீர் கேட்கும்.

உள்ளே போகப் போக நான்கு திசையும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஒரு பனைக்கும் இன்னொரு பனைக்கும் வித்தியாசம் தெரியாது. கடலில் கரைக் கோபுரத்தையும் மரத்தையும் நேர்வைத்து இடம் கண்டுபிடிக்கிற எங்கள் ஆளுக்கு முதலில் கொஞ்சம் திகைப்பு. பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டான். "வாட வலது கன்னத்துல அடிச்சா மேக்க போறோம்னு அர்த்தம். அம்புட்டுதான்." போன் திசைகாட்டியில் பார்த்தால் அவன் சொன்னது சரியாகவே இருந்தது.

மணலை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பாருங்கள். சிவப்பு, மணலின் மேல் படிந்த இரும்புத் துரு. கூடவே மினுமினுக்கும் கறுப்பு இல்மனைட். இந்தக் கறுப்பில்தான் டைட்டானியம் இருக்கிறது. 2007-இல் டாடா ஸ்டீல் நிறுவனம் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் போட்டதும், நிலம் போய்விடும் என்று மக்கள் எதிர்த்ததும், திட்டம் நின்றதும் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கிறது. இன்னும் பழைய கதையும் உண்டு. சாயர்புரம் உள்ளிட்ட பல தேரிகளில் கற்கால மனிதர்கள் செதுக்கிய, விரல்நகம் அளவுச் சின்னக் கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பத்தரை மணி இருக்கும். ஒரு வடலிக் கூட்டத்து நிழலில் மூட்டைகளை இறக்கினோம். வடலி என்றால் குட்டிப் பனை. அதன் மட்டை ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி கருக்கு இருக்கும். ஐஸ் பிளான்ட் நண்பன் உட்காரும்போது கேன் அதில் உரசியது. சத்தமே இல்லை. பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து பார்த்தால் கேன் தொளதொளத்துக் கிடக்கிறது, அடியில் மணல் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஐந்து லிட்டர். அந்த ஈரத்தையும் மணல் எங்கள் கண்முன்னேயே உள்ளே இழுத்துக்கொண்டது.

மற்ற மூவரிடமும் இருந்ததை அளந்து பார்த்தோம். எல்லாம் சேர்த்து எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. கிளம்பும்போது இருந்தது இருபது. அண்ணனுக்கு, போய்விடலாம் என்றே பட்டது. பாதித் தூரம் வந்தாயிற்று, முன்னே போனாலும் பின்னே போனாலும் அதே தூரம்தானே என்றார். கணக்குப்படி நியாயம். எனக்கும் திரும்ப மனசில்லை. சங்கு குளிக்கிறவன்தான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணே, வந்த வழி நமக்குத் தெரியும். போற வழி தெரியாது. அதே தூரம்னு யார் சொன்னா?"

"மேப்ல இருக்குல்லா?"

"கடல் அடியில கெடக்கும்போது காத்து பாதி இருக்கையிலயே மேல ஏறிரணும்ணே. கால்வாசி இருக்கும்போது ஏறுறவனுக்கு நேரம் நல்லா இருந்தா பொழைப்பான். பாதி தாண்டியாச்சு. நான் திரும்புறேன்."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. எங்கள் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினோம். வெயில் ஏறியது. மார்கழி வெயில்தானே என்று நினைப்பவர்கள் பன்னிரண்டு மணிக்குச் செம்மணலில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். வழியில் ஒரு விடிலி. பதநீர்க் காலம் தொடங்காததால் பூட்டாமல் வெறுமனே கிடந்தது. உள்ளே பானைகூட இல்லை. ஐஸ் பிளான்ட் நண்பன் அதுவரை தன் பங்கு என்று எதையும் கேட்கவில்லை. அண்ணன்தான் தன் பாட்டிலை அவனிடம் கொடுத்து, "குடிச்சிட்டுப் பேசாம நடல" என்றார்.

இரண்டரை மணிக்குத் தேரி ஓரத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது கையில் மிச்சமிருந்தது ஒரு லிட்டர் சொச்சம். மோட்டார் ரூமுக்கு வெளியே ஓர் ஆச்சி மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு செம்பை நீட்டினார். "மெதுவா குடிங்க ஐயா, மெதுவா. எந்த ஊரு?" திரேஸ்புரம் என்றோம். "கடக்கரைக்காரவுகளா? ஒங்களுக்குத் தண்ணியப் பத்தி நான் சொல்லணுமாக்கும்" என்று சிரித்தார். கிணற்று நீர் அவ்வளவு தித்திப்பு. 2023 மழைக்குப் பிறகு இந்தக் கிணறு ரொம்ப நாள் கையால் மொள்ளும் உயரத்தில் கிடந்தது என்றார் ஆச்சி.

ஆக, தேரியை நாங்கள் நடுவாகக் கடக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் ஊர் ஊராகச் சாலையோரமாக நடந்து, மீதியை மினி பஸ்ஸில் கடந்து, இருட்டிய பிறகு மெய்ஞ்ஞானபுரம் சேர்ந்தோம்.

மூன்றாம் நாள்: உப்பு

மெய்ஞ்ஞானபுரத்தில் காலையில் கண் விழித்ததும் தெரிவது பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம். 192 அடி. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனரி இந்த மணல் ஓரத்தில் கிணறு வெட்டி, மரம் வைத்து, ஊரை உருவாக்கி, அதன் நடுவில் எழுப்பிய ஆலயம்.

அங்கிருந்து உடன்குடி. கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். சுக்குக் கருப்பட்டி ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினோம். வழியெல்லாம் டீக்கடைகளில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே போனோம். முந்தின நாள் பயம் இன்னும் போகவில்லை. கடலை நெருங்க நெருங்க நீரின் ருசி மாறுவது நாக்குக்கே தெரிந்தது. கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறுவது உடன்குடி வட்டார விவசாயிகளின் நீண்ட நாள் கவலை. ஒரு டீக்கடை அண்ணாச்சி, "முப்பது வருஷத்துக்கு முந்தி இந்தக் கெணத்துத் தண்ணியிலதான் டீ போட்டோம். இப்ப கேன்தான்" என்று இருபது லிட்டர் கேனைத் தட்டிக் காட்டினார். மேற்கே மேட்டில் மணல் பிடித்து வைப்பதைவிடக் கிழக்கே மோட்டார்கள் அதிகம் இழுத்தால், காலியான இடத்துக்குக் கடல்தானே வரும்? தேரியை வெறும் பொட்டல் என்று நினைப்பவர்கள் அந்த டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு மணப்பாடு. குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். மூவரும் மணலில் சாய்ந்துவிட்டோம். நான்காமவன் சட்டையைக் கழற்றிவிட்டு நேராக அலைக்குள் போனான். ரொம்ப நேரம் தலை வெளியே வரவில்லை. எங்களுக்குப் பழக்கம்தான் என்றாலும் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பதறிவிட்டது.

செலவு ஆளுக்கு எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கிளம்புகிறவர்கள் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்களாக, ஒன்றுக்குப் பதில் ஐந்தாகப் பிரித்து எடுத்துப்போங்கள். மேலே சாக்குத்துணி சுற்றுங்கள். உடைமுள் மெல்லிய அடியைத் துளைத்துவிடும், கனமான ஷூ வேண்டும். பஸ்ஸில் அண்ணன் வரைபடத்தை மறுபடி விரித்து, தை கடைசியில் மெய்ஞ்ஞானபுரம் பக்கத்திலிருந்து கிழக்கே கடக்கலாமா என்று கேட்டார். "வாட எறங்கிரும்ணே, தொழில் இருக்கும்" என்றான் சங்கு குளிக்கிறவன். பிறகு, எத்தனை லிட்டர் என்று கேட்டான்.