எலிக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறு

சூற்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மருந்துகளுள் ஒன்று டாமோக்சிபென். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியல் அம்மையார் 1962இல் இதனை ஆக்கினார். நாடியது கருத்தடை மருந்து. பெண் எலிகளுக்குக் கொடுத்தபோது கருப்பையில் கரு ஒட்டாது போயிற்று. மகளிரிடத்தில் கதை தலைகீழாயிற்று! ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதென மூளை மயங்குகிறது. அதனடியிலுள்ள பிட்யூட்டரி, சூற்பையைத் தூண்டும் ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. சுண்டெலியின் கருப்பையிலோ இம்மருந்து ஈஸ்ட்ரோஜனாகவே நடிக்கிறது. எலியைக் கண்டு பெண்ணுக்கு விதி வகுப்போர்க்கு எத்துணை விழிப்பு வேண்டும்! கருத்தடைக்கு உதவாத அம்மருந்து, பின்னர் மார்புப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. மகப்பேற்றை நாடும் மகளிர் சிலருக்கும் கொடுக்கப்படுகிறது.