சீன மரபுக் கால்நடை மருத்துவத்தில் குதிரைகளின் பதற்றம்: நோய்நிலைப் பாகுபாடும் மருந்துத் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

பதற்றமுற்ற குதிரைக்குச் சீன மரபுக் கால்நடை மருத்துவம் பொதுவானதொரு மூலிகையைப் பரிந்துரைப்பதில்லை. பதற்றத்தின் வகையைப் பிரித்தறிந்த பின்னரே மருந்தைத் தேர்கிறது. அப்பாகுபாட்டின் அடிப்படையையும், மருந்துகளின் பயனையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குதிரை மருத்துவம், ஷென், புளிப்பு இலந்தை, சாதிலிங்கம்.

முன்னுரை

குதிரை கூட்டமாக வாழும் தாவர உண்ணி. ஆபத்தை உணர்ந்தவுடன் ஓடித் தப்புவதே அதன் தற்காப்பு. தனி லாயத்தில் அடைக்கப்படும்போதும் வண்டியில் ஏற்றப்படும்போதும் அவ்வழி அடைபடுவதால் வியர்த்தல், நிலைகொள்ளாமை, தீவன மறுப்பு ஆகியன தோன்றுகின்றன. இவற்றை மருத்துவ நோக்கில் ஆராயும் நெடிய மரபு சீனாவில் உண்டு. மிங் அரசமரபின் காலத்தில் யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்னும் உடன்பிறந்தோர் இயற்றி, 1608இல் வெளிவந்த ‘யுவான் ஹெங் லியாவ் மா ஜி’ அம்மரபின் தலைசிறந்த குதிரை மருத்துவ நூலாகும்.

ஷென் எனும் கருத்து

சீன மருத்துவம் இதயத்தை ஷென்னின் உறைவிடமாகக் கொள்கிறது. ஷென்னை ‘ஆன்மா’ எனப் பெயர்ப்பின் சமயச் சார்பு ஏறிவிடும். ‘மனம்’ எனின் பொருள் குறுகும். விழிப்பு, உணர்வு, நடத்தை ஆகியவற்றின் ஒழுங்கு எனக் கொள்வதே பொருந்தும். இதயக் குருதி நிறைந்திருப்பின் ஷென் அதில் நிலைகொள்ளும். குருதி குறைந்தாலோ வெப்பம் மிகுந்தாலோ அலைவுறும். எனவே பதற்றம் தனி நோயன்று. உள்நிலைக் குலைவின் வெளிப்பாடு.

மூவகைப் பதற்றம்

மருத்துவர் குதிரையின் வாய், நாவின் நிறத்தையும் நாடியையும் நடத்தையையும் இணைத்து நோக்குகிறார். நா சிவந்து, நாடி விரைந்து, திடீரெனக் கிளர்ச்சியுறும் குதிரையிடம் இதய வெப்பம் காணப்படுகிறது; இதற்குக் கசப்பும் குளிர்ச்சியுமுடைய ஹுவாங் லியன் வேர்த்தண்டு ஏற்றது. நா வெளிறி, சிற்றொலிக்கும் வெருளும் குதிரையிடம் குருதிக் குறைவு உணரப்படுகிறது. இதற்குப் புளிப்பு இலந்தை விதை முதன்மை மருந்தாகும். கடித்தும் உதைத்தும் சினம் காட்டும் குதிரையிடம் கல்லீரலின் சீ ஆற்றல் தேங்கியதாகக் கருதி, சாய் ஹு வேரையும் வெண்பியோனி வேரையும் சேர்ப்பர். ஒருவகைக்குரிய மருந்து பிறிதொரு வகைக்குப் பொருந்தாது என்பதே இம்முறையின் உயிர்க்கருத்து.

மருந்தும் சான்றும்

புளிப்பு இலந்தை விதையை முதன்மையாகக் கொண்ட ‘சுவான் சாவ் ரென் தாங்’ கியாழம், கிழக்கு ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் மனிதரின் உறக்கமின்மைக்காகக் கூறப்பட்டது. ஐந்து சரக்குகளாலான இக்கியாழமே பின்னர்க் கால்நடைகளுக்கும் பயன்பட்டது. இவ்விதையிலுள்ள ஜுஜுபோசைடு, ஸ்பினோசின் ஆகிய வேதிப்பொருள்கள் எலிகளில் உறக்கத்தைத் தூண்டுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. எனினும் எலியில் கண்ட விளைவைக் குதிரைக்கு அப்படியே ஏற்றிக் கூற இயலாது. குதிரையின் உடல் எடை ஏறத்தாழ 500 கிலோ. நார்ப்பொருளைப் பெருங்குடலில் நொதிக்கச் செய்யும் அதன் செரிமான அமைப்பும் வேறானது. குதிரைகளிடத்தே நடத்தப்பட்ட கட்டுப்பாட்டு ஆய்வுகள் மிகச் சிலவே.

வரம்புகள்

‘இயற்கையானது’ என்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. இதய வெப்பத்திற்கான மரபு மருந்தாகிய ‘ஜு ஷா சான்’ சாதிலிங்கத்தைக் கொண்டது. அது பாதரசச் சேர்மம். நீடித்த பயன்பாட்டில் சிறுநீரகமும் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம். தாவர மருந்தும் வலிய மருந்தாதற்குச் சர்ப்பகந்தி சான்றாகும்: அதிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப்பட்டியலில் உள்ளது.

இவற்றினும் முக்கியமானது, பதற்றத்தின் காரணம் மறைக்கப்படும் இடர். பந்தயக் குதிரைகளிடையே இரைப்பைப் புண் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வலியால் அமைதியிழந்த குதிரைக்கு அமைதிப்படுத்தும் மருந்து மட்டும் அளிப்பின் நடத்தை அடங்கும், நோய் வளரும்.

முடிவுரை

சீனக் குதிரை மருத்துவத்தின் வலிமை குறிப்பிட்ட மூலிகையில் இல்லை. ஒரே நடத்தைக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்னும் பகுத்தறி முறையில் உள்ளது. அம்முறையைக் கைவிட்டு மூலிகையை மட்டும் எடுத்துக்கொள்வது மரபுக்கும் அறிவியலுக்கும் புறம்பாகும். வலியைச் சோதித்தல், துணைக் குதிரையோடு வைத்தல், போதிய மேய்ச்சலும் நடமாட்டமும் அளித்தல் ஆகியவற்றுக்குப் பின்னரே, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மூலிகை இடம்பெறல் வேண்டும்.