பேசாமல் அருகிருக்கும் துணை

தேய்பிறை அஷ்டமியன்று நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் வட்டாரச் சிவாலயங்களில் பைரவர் சந்நிதியின் முன் நிற்போரில் வயது முதிர்ந்தவர்களே மிகுதி. மிளகு முடிச்சிட்ட தீபத்தை ஏற்றி வணங்கிவிட்டு வெளியே வரும் அவர்கள், கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு பிடி தயிர்சாதமேனும் வைத்துவிட்டே வீடு திரும்புவர். பைரவரின் பின்னே நிற்கும் அந்த வாகனம் நமக்குக் காவலின் அடையாளம். துயருற்றவர் அருகே அமர்ந்து ஆறுதல் தருவதும் அவ்வுயிரால் இயலும் என்று கண்டு, அதற்கெனவே நாய்களைப் பழக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது.

அத்தகைய துணையின் அருமையை உணர வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் கனமழையால் மலைச்சரிவு பெயர்ந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்த லயன் வீடுகளை மூடியது. மாண்டோர் 70 பேர். அவர்களில் பலர், கயத்தாறு பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

எட்டாம் நாள், ஆற்றோரம் ஒரு பெண் நாய் நீரையே நோக்கிக் குரைத்தபடி நின்றது. அதன் பெயர் குவி. மீட்புக் குழுவினர் அவ்விடத்தில் தேடியபோது, அதனோடு விளையாடி மகிழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. அதன்பின் உணவைத் தொடாமல் சோர்ந்து கிடந்த குவியை இடுக்கி மாவட்டக் காவல்துறையின் நாய்ப் பிரிவினர் அழைத்துச் சென்று பேணி வளர்த்தனர், பயிற்சியும் அளித்தனர். ஆனால் குழந்தையின் பாட்டிக்கோ, அது தம்மிடமே இருக்க வேண்டும் என்ற ஏக்கம். மறு ஆண்டில் காவல்துறை அதனை அவரிடமே ஒப்படைத்தது. நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத் தேரில் ஏற மறுத்த தருமபுத்திரரை அறிந்தவர்களுக்கு அந்த மூதாட்டியின் ஏக்கம் விளங்காமற் போகாது. பேத்தி தவழ்ந்த முற்றத்தை அறிந்த உயிர் அது.

குவி ஆறுதல் அளிப்பதற்கென்று பழக்கப்பட்ட நாயன்று. அந்தப் பாட்டி நாடியதைப் போன்ற துணையை, முன்பின் அறியாதவர்களுக்கும் கிடைக்கச் செய்வதே இப்பயிற்சியின் நோக்கம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபின், காணாமற்போனோரின் உறவினர்களுக்கான உதவி மையம் 94ஆம் எண் படகுத்துறையில் அமைந்தது. அடையாளம் காண்பதற்காகக் கணவனின் பல்துலக்கியையும் மகளின் தலைவாரும் சீப்பையும் கையில் பிடித்தபடி மக்கள் படிவம் நிரப்பக் காத்திருந்த இடம் அது. மனநல ஆலோசகர்களும் இருந்தனர். ஆனால் என்ன சொல்லித் தேற்றுவது? பயிற்சி பெற்ற நாய்கள் அவர்களிடையே மெல்ல நடந்து சென்று காலடியில் படுத்தன. இடிபாடுகளைக் காண உறவினர்கள் படகில் சென்றபோது, அந்நாய்களும் உடன் சென்றன. 2012இல் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து கோல்டன் ரெட்ரீவர் இன நாய்கள் அவ்வூருக்கு அழைத்து வரப்பட்டன.

இந்நாய்களுக்குக் கற்பிக்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி அடக்கமே. மேலே பாயக்கூடாது; குரைக்கக்கூடாது; தரையில் சிந்திய உணவை முகரக்கூடாது. அபாயச் சங்கோ, பாத்திரம் விழும் ஓசையோ, திடீரென வெடிக்கும் அழுகையோ கேட்டால் மிரளக்கூடாது. அவர்களாக விரும்பினாலன்றி நெருங்கக்கூடாது. ஒரு குழந்தை அரை மணி நேரம் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாலும் அசையாதிருக்க வேண்டும். மனிதர்க்கே அரிதான பொறுமை இது! பிறர் துயரைத் தாங்குவது நாயையும் களைக்கச் செய்யும். அது கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்புவதும் கண்டால், நடத்துபவர் உடனே வெளியே அழைத்துச் சென்று ஓய்வளிப்பார்.

தாய்க்குச் சேயிடம் பிணைப்பை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கையில் இருவருக்கும் பெருகுவதாக 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு, 'டாக்டர் டாக்' என்னும் பெயரில் சாந்தமான நாய்களைச் சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்றதுண்டு. வெள்ளத்திற்கும் புயலுக்கும் பின் மக்கள் தங்கவைக்கப்படும் பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் இந்த உதவி இன்னும் வழக்கமாகவில்லை. சோறும் பாயும் கிடைத்த பின்னரும் உறக்கம் வராமல் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் முதியவர்கள் அங்கே உண்டு.

தொடங்குவோர் சிலவற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தெருவில் திரியும் நாய், அது எவ்வளவு சாதுவாயினும், இப்பணிக்கு உதவாது. வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, வார் பிடித்தவரின் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக இருக்க வேண்டும். நாயைக் கண்டால் நடுங்குபவர்களும் ஆசாரம் கருதி விலகுபவர்களும் முகாமில் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் அழைத்துச் செல்லாமல், தாழ்வாரத்தின் ஓர் ஓரத்தில் நாயை உட்கார வைத்தால் போதும். வேண்டியவர்கள் தாமே எழுந்து வருவார்கள்.