பாம்புக்கு இருமத் தெரியாது

நாய் இருமும், பூனை தும்மும், ஆட்டுக்கு மூக்கொழுகும். வளர்ப்பவர் உடனே கவனித்துவிடுவார். பாம்பு அப்படி எதையும் காட்டாது. நம்மைப் போல உதரவிதானம் இல்லாததால் சளியை இருமித் தள்ளும் வலிமை அதற்கில்லை. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றே வேலை செய்யும். மலைப்பாம்பு வகைகளுக்கு இரண்டு உண்டென்றாலும் இடப்பக்கத்தது சிறியது. நீண்டு கிடக்கும் அந்தப் பையின் அடியில் சளி தேங்கிக்கொண்டே போகும். மூச்சில் சத்தம் கேட்கும் நாளில் நோய் முற்றியிருக்கும்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே, மகாவலியை ஒட்டியிருக்கும் கெலிஓயா போன்ற ஊரில் இந்த ஆபத்து கூடுதல். கண்டிப் பகுதியில் மார்கழி, தை இரவுகள் குளிரும். காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். குளிருக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டியை இறுக மூடினால் உள்ளே ஈரம் புழுங்கும். திறந்து வைத்தால் சூடு போய்விடும். பாம்பின் நோய் எதிர்ப்பு அதன் உடல் வெப்பத்தை நம்பியே இயங்குவதால், குளிரில் கிடக்கும் பாம்பைக் கிருமி எளிதில் வீழ்த்திவிடும்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

• மூக்குத் துளையிலோ வாயோரத்திலோ குமிழி, நுரை, நூலாக இழுபடும் எச்சில்.
• ஓய்வாகக் கிடக்கும்போதும் வாயைத் திறந்து மூச்சு விடுதல்.
• சீறாத நேரத்தில் மூச்சோடு சேர்ந்து வரும் விசில் ஒலி, கரகரப்பு அல்லது ‘டிக் டிக்’ என்ற சத்தம்.
• தலையையும் கழுத்தையும் மேல்நோக்கி நீட்டியபடியே இருத்தல். சளி அடைத்த பாம்பு காற்றுக்காக இப்படிச் செய்யும்.
• இரையைத் தொடாமை, சோர்வு, கையைச் சுற்றும் பிடி தளர்தல்.

இவற்றில் சில நோயில்லாமலும் வரும். இரை விழுங்கியபின் தாடையைச் சரிசெய்யப் பாம்பு கொட்டாவி விடும். சட்டை உரிக்கும் முன் மூக்கில் பழைய தோல் அடைத்து விசில் வரும், உரித்ததும் போய்விடும். மலைப்பாம்புகள் வாரக்கணக்கில் உண்ணாமல் இருப்பதும் இயல்பு. ஆனால் குமிழியும் திறந்த வாயும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. மல்லாத்தினால் புரண்டு நிமிர முடியாத பாம்புக்கு நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அது இன்னும் அவசரம்.

காரணங்கள் பல. பெரும்பாலும் பக்டீரியா, சில வேளை பங்கசு. 2014இல் ‘போல் பைதன்’ எனும் ஆபிரிக்க மலைப்பாம்புகளின் நுரையீரல் அழற்சியோடு தொடர்புடைய நிடோ வைரசு கண்டறியப்பட்டது. பாம்புகளைத் தாக்கும் பரமிக்சோ வைரசு 1972இல் சுவிட்சர்லாந்தின் பாம்புப் பண்ணையொன்றில் வெளிப்பட்டது. நுரையீரலிலேயே குடியிருக்கும் புழுக்களும் உண்டு. உண்ணிகள் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமியைக் கடத்தக்கூடும். ஆகவே புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு தண்ணீர்க் கிண்ணத்துடன் வைப்பது அவசியம்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை, தைலம், ஆவி பிடித்தல் ஆகியவை கூடவே கூடாது. மருந்தின் அளவு பாம்பின் எடையையும் அதன் உடல் வெப்பத்தையும் பொறுத்தது. நீர்வற்றிய பாம்பின் சிறுநீரகத்தைச் சில மருந்துகள் கெடுத்துவிடும். மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்து, எந்தக் கிருமி என்று அறிந்தபின் மருந்து கொடுப்பதே முறை. சிகிச்சை பல வாரம் நீளும். நுரை நின்றதும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

வைத்தியரிடம் போகுமுன் ஒரு நிமிடம் மூச்சைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பெட்டியின் பகல், இரவு வெப்பநிலை, பாம்பின் எடை, கடைசியாக இரை உண்ட நாள், சட்டை உரித்த நாள் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வாயை நெம்பித் திறந்து பார்க்க முயலாதீர்கள்.

வீட்டாருக்கும் ஆபத்து உண்டு. நலமாகத் தோன்றும் பாம்பும் சல்மனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் தள்ளியே இருக்க வேண்டும். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. சில நுரையீரல் ஒட்டுண்ணிகளின் முட்டை சளியிலும் மலத்திலும் வெளியேறி மனிதருக்கும் தொற்றும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சிக்கல். வயலில் அகப்பட்ட வெங்கிணாந்தி எனும் நம் நாட்டு மலைப்பாம்பின் குட்டியை இரக்கப்பட்டு வளர்ப்பவரும், வெளிநாட்டுப் பாம்பை ரகசியமாக வாங்கியவரும் வைத்தியரிடம் போகத் தயங்குவார்கள். மறைத்து வளர்க்கப்படும் பாம்புக்குச் சிகிச்சையும் பிந்தும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு ஊர்வனவற்றைக் கொண்டுவரவும் அனுமதிப்பத்திரம் தேவை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. கூண்டிலுள்ள ஊர்வனவும் 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் அடங்கும். சட்டப்படி வைத்திருந்தாலும் துன்புறுத்த எவருக்கும் உரிமையில்லை.

கடத்தல் பாம்பை வாங்குவது நோயையும் சேர்த்து வாங்குவதாகலாம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பெண்ணொருவரின் பயணப்பெட்டிகளுக்குள் 22 பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். பல இனங்களை நெருக்கி அடைத்து இப்படிக் கொண்டுவரும்போது கிருமி பரவ வேறென்ன வேண்டும்?

பரிகாரம் எங்கே?

மிருக வைத்தியத்தைப் பொறுத்தவரை கெலிஓயாக்காரருக்கு அதிர்ஷ்டம் உண்டு. நாட்டின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஊர்வனவற்றைப் பார்க்கும் வைத்தியர் எந்நாளில் இருப்பார் என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கொண்டுபோகும்போது காற்றுத் துளையுள்ள பெட்டியில், துணிப்பைக்குள், குளிர் படாமல் வையுங்கள். என்ன சோதனை, என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை எழுதி வாங்குங்கள்.

அனுமதியில்லாத பாம்பு கையில் இருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழையுங்கள். வழக்கு வருமோ என்ற அச்சமிருந்தால் முதலில் சட்டத்தரணியையோ சட்ட உதவி ஆணைக்குழுவையோ கேளுங்கள். ஒப்படைக்கும்போது பாம்பின் நோய்க்குறிகளையும் கொடுத்த மருந்தையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. பாம்பு பின்னர் என்னவாயிற்று என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கவும் முடியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நோயுற்ற பாம்பை மகாவலிக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளோடு வந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இன்று அங்குள்ள உள்நாட்டுப் பாம்புகளைத் தாக்குகிறது. நம் காட்டுப் பாம்புகளுக்கு மருந்து கொடுக்க எவராலும் முடியாது. பெட்டிக்குள் இருக்கும்வரைதான் நோய் நம் கைக்குள் இருக்கிறது.