உங்களுக்குத் தெரியுமா? காணாமற்போன வெள்ளிக் கோப்பை

1916-ஆம் வருஷம், நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள சிவனாய் கோல்ஃப் மைதானத்தில், அவ்விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொண்ட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று முதன்முறையாக ஒரு சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்தபோது, வென்ற ஜிம் பார்ன்ஸுக்கு அளிக்கப்பட்ட பெரிய வெள்ளிக் கோப்பையை உபகரித்தவர் ராட்மன் வானமேக்கர் என்னும் வர்த்தகப் பிரபு.

அந்நாளில் இப்பந்தயம், இன்றுபோல் மொத்த அடிகளை எண்ணிக் கூட்டும் முறையில் அன்றி, இருவர் இருவராக மோதிக் குழிக்குக் குழி ஜயாபஜயம் நிர்ணயிக்கும் துவந்த யுத்தமாகவே நிகழ்ந்து வந்தது. அதில் நிகரற்று விளங்கிய வால்டர் ஹேகன், 1924 முதல் 1927 வரை தொடர்ந்து நான்கு முறை வாகை சூடினார். உல்லாசப் பிரியரான அம்மனிதர், கோப்பையை ஒரு டாக்ஸியில் வைத்து, ஹோட்டலில் சேர்த்துவிடும்படி ஓட்டுநரிடம் காசும் கொடுத்தனுப்பினாராம். கோப்பை போய்ச் சேரவில்லை. ஆண்டுதோறும் அவரே ஜயித்து வந்தமையால், அது எங்கே என்று வற்புறுத்திக் கேட்பாரும் இல்லை! 1928-இல் பால்டிமோர் நகரில் லியோ டீகல் அவரைத் தோற்கடித்துப் பட்டத்தையும் கைப்பற்றிய பின்னரே, கோப்பை தம்மிடம் இல்லை என்று ஹேகன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

1930-இல் அது அகப்பட்ட இடம்தான் விசித்திரம்: டெட்ராய்ட் நகரில், ஹேகனின் பெயரிலேயே கோல்ஃப் மட்டைகள் தயாரித்துவந்த கம்பெனியின் நிலவறையில், பெயர் குறிக்கப்படாத ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஆகையால், டாக்ஸிக் கதையைச் சற்றுச் சந்தேகத்துடனேயே கேட்க வேண்டியிருக்கிறது.