இழுத்தால் காந்த குணமே மாறுமா? சில அணு தடிமன் தாளில் நடக்கும் விசித்திரம்!

ரப்பர் பேண்டை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அவ்வளவுதான். ஆனா ஒரு சில அணுக்கள் தடிமனே உள்ள படிகத்தை இழுத்தால், அதில் மின்சாரம் ஓடும் விதமும் காந்த குணமும்கூட மாறிடும். எப்படி?

எலக்ட்ரான்கள் ஒரு அணுவில் இருந்து பக்கத்து அணுவுக்குத் தாவித்தான் நகர்கின்றன. படிகத்தை இழுத்தால் அணுக்களுக்கு இடையிலான தூரம் மாறும். தூரம் மாறினா தாவுறதும் மாறும். சாதாரண சிலிக்கான் துண்டு கொஞ்சம் இழுத்தாலே உடைஞ்சிடும். 2004-ல் மான்செஸ்டரில் செலோடேப் வைத்து உரித்தெடுக்கப்பட்ட கிராஃபீனோ, சுமார் 25 சதவீதம் வரை தாங்கும். அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு இந்த மெல்லிய தாள்கள் மேல் இவ்வளவு ஆசை.

300 டெஸ்லா ஆச்சரியம்

2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள், பிளாட்டினம் மேல் வளர்ந்த கிராஃபீனில் நானோ அளவு குமிழ்களைப் பார்த்தாங்க. அங்கே தாள் இழுபட்டிருந்தது. அந்தக் குமிழுக்குள் இருந்த எலக்ட்ரான்கள், 300 டெஸ்லாவுக்கும் மேலான காந்தப்புலத்தில் இருப்பதுபோல நடந்துகொண்டன. மருத்துவமனை எம்ஆர்ஐ ஸ்கேனில் இருப்பது பொதுவா 1.5 அல்லது 3 டெஸ்லாதான்! பக்கத்தில் காந்தம்னு எதுவுமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

காந்தமே மாறிய கதை

குரோமியம் சல்ஃபைடு புரோமைடு என்ற படிகத்தில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு காந்தம். ஆனா அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிர் திசையில் நிற்பதால், மொத்தத்தில் காந்த சக்தி பூஜ்யம். 2022-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இதை இழுத்துப் பார்த்தது. எல்லா அடுக்குகளும் ஒரே திசைக்குத் திரும்பின. விட்டதும் பழையபடி எதிரெதிராகின. வெளியில் இருந்து காந்தப்புலம் எதுவும் தரவில்லை.

சரி, நமக்கென்ன?

காந்தத்தைப் புரட்டித் தகவலைப் பதியும் மெமரி சிப்களில் அந்த வேலையை மின்சாரம் செய்யுது, கூடவே சூடும் வருது. லேசா இழுத்தே புரட்ட முடிந்தால் மின்சாரம் மிச்சம். இழுக்கும் யோசனை சிப் துறைக்குப் புதுசும் இல்லை. 2003-லேயே இன்டெல் தன் சிப்களில் சிலிக்கானை லேசா இழுத்து, வேகத்தைக் கூட்டியது.

ஒரே சிக்கல், அந்தக் குரோமியம் படிகம் மைனஸ் 140 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் இந்த வித்தையைக் காட்டும். அறை வெப்பத்திலும் இப்படி நடக்கும் தாளைத்தான் ஆய்வகங்கள் இப்போ தேடுது.