கணக்கில் சேராத ஆட்டம்

விசில் சத்தம் கேட்டதும் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஃபவுல் எதுவும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டவும் இல்லை. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பெண் உள்ளே நடந்து போய், இடது ஓரத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தோளைப் பிடித்து மூன்றடி பின்னால் நகர்த்தினார்.

"இங்கேர்ந்து பாரு. இப்ப யாரு தெரியுறா?"

"ஒம்போதாம் நம்பர் தெரியுறாக்கா."

"தெரியுறா இல்ல? அப்புறம் ஏன் பந்த வலது காலுக்கு மாத்துன? நீ மாத்துறதுக்குள்ள அவள ரெண்டு பேரு வந்து மறிச்சிட்டாங்க. இடது காலாலயே போடு. மறுபடி முதல்ல இருந்து."

பந்து பழைய இடத்துக்கு வந்தது. எதிரணிப் பெண்களும் முணுமுணுக்காமல் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். அதே ஓட்டம், அதே பாஸ். இந்த முறை அவள் இடது காலால் உதைத்தாள். பந்து கோல் கம்பத்துக்கு மேலே எங்கோ பறந்து சுற்றுச்சுவருக்கு அருகே போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. விசில் மறுபடி ஒலித்தது.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலை ஏழு மணிகூட ஆகவில்லை. புல்லில் இன்னும் ஈரம் இருந்தது. பார்வையாளர்கள் என்று சொன்னால் நடைப்பயிற்சிக்கு வந்து நின்றுவிட்ட இரண்டு பெரியவர்கள், சைக்கிளோடு ஒரு சிறுவன், பிறகு நாங்கள் மூவர். ஒரு கல்லூரி அணிக்கும் பள்ளிப் பிள்ளைகளின் அணிக்கும் இடையே பயிற்சி ஆட்டம் அது. கோல் எத்தனை என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். "யாரும் எண்ணல சார்" என்றார்.

நாங்கள் கிளம்பியது இதற்காக அல்ல. சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடன விழா பார்க்க வேண்டும் என்று சென்னையிலிருந்து காரில் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து, புதுச்சேரி தாண்டி, இரவு கடலூரில் தங்கல். உடன் வந்தவர்களில் ஒருவன் என் அத்தை மகன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருபது வருடமாக இருக்கிறான். இன்னொருத்தி என் அண்ணன் மகள், ஏழாம் வகுப்பு. வழியெல்லாம் அவளிடம் அவன் பேஸ்பால் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அங்கே இந்த மாதத்தில்தான் 'ஸ்பிரிங் டிரெயினிங்' தொடங்குமாம். வடக்கே பனி உறைந்து கிடக்கும் நாட்களில் 30 பெரிய அணிகளும் வெயில் தேடித் தெற்கே வந்துவிடும். 15 அணிகள் புளோரிடாவுக்கு, 15 அணிகள் அரிசோனாவுக்கு. மார்ச் முடியும்வரை தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். அதில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் ஏறாது. அதன் பிறகுதான் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம் கொண்ட உண்மையான பருவம்.

"கணக்குலயே வராத ஆட்டத்த எதுக்கு மாமா டிக்கெட் எடுத்துப் பாக்கணும்?" என்று அண்ணன் மகள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. புதுச்சேரி நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது சொன்னான். அங்கே மைதானத்தின் பின்பகுதியில் புல் மேடு இருக்கும். துண்டை விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்ளலாம். பெரிய ஆட்டக்காரர்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இறங்குபவர்கள் யாருக்கும் பெயர் தெரியாத பையன்கள். சட்டையில் 80, 90 என்று பெரிய பெரிய எண்கள். அவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுவார்கள். "அவங்க ஆடுறதப் பாக்கத்தான் நான் போறேன். அணியில இடம் கிடைக்குமான்னு தெரியாதவன் எப்படி ஓடுவான்னு பாக்கணும்டா மாப்ளே" என்றான்.

அன்று இரவு கடலூர் டீக்கடையில் அவன் கேட்டான்: இங்கே பக்கத்தில் ஏதாவது ஆட்டம் நடக்குமா? டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் யோசிக்கவே இல்லை. "காலைல ஸ்டேடியம் போங்க. பொம்பளப் புள்ளைங்க ஃபுட்பால் ஆடும்" என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால் இருபது வருடக் கதை உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது, தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாகப் பேரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு வரை கரையோரக் குப்பங்கள் குலைந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், வீடு இருந்தும் வளர்க்க வழியற்றுப்போன பிள்ளைகளுக்கும் அரசு இல்லங்கள் திறந்தன. அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளின் காலடியில் பந்தைக் கொண்டுவந்து வைத்தவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். அவர் நடத்திய அகாடமிக்கு இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்று பெயர்.

கோப்பைகள் பிறகு வந்தன. முதலில் வேண்டியிருந்தது காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். இப்படித்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கடலைப் பார்க்கவே பயந்த பிள்ளைக்கு, விடியும்போது ஓடுவதற்கு ஓர் இடமும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பந்து கேட்க ஒரு தோழியும் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆட்டம், எதிரணி என்பதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் சில வருடங்கள் எல்லாமே பயிற்சிதான். பட்டியலில் ஏறாத காலைகள்.

அந்தக் காலைகளிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஆனார். 2019-ல் நேபாளத்தின் பிராட்நகரில் இந்தியா தெற்காசியக் கோப்பையை வென்ற தொடரில் அவர் கோல்கள் அடித்தார். அதே வருடம் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோதும் அதில் இருந்தார். 2023-24 பருவத்துக்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிந்திருக்கிறார். பண்ருட்டியிலிருந்து வந்து, அரசு விடுதியில் தங்கிப் படித்த சந்தியா ரங்கநாதன் இன்னொருவர். அவரும் இந்தியாவுக்காக ஆடினார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், மகளிர் கால்பந்தில் அசைக்க முடியாதது என்று பேர் வாங்கிய மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வீழ்த்தியது. தமிழ்நாடு அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. சில வாரங்களில் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் இந்தக் கடலூர் அகாடமியே ஓர் அணியாக இறங்கியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு பட்டத்தை மறுபடி எடுத்தது.

இத்தனைக்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு மகளிர் கால்பந்து ஆட்டத்தை நேரில் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் ஃபீனிக்ஸிலிருந்து வந்தவன் கேட்டதால்தான் அந்த மைதானத்துக்குள் கால் வைத்தேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, வரிசை கிடையாது, போய் நின்றால் போதும். போகாமல் இருந்திருக்கிறேன்.

நான் அதுவரை டிவியில் பார்த்த கால்பந்தில் ஆட்டம் நிற்காது. தப்பு செய்தவள் தப்போடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே தப்பு நடந்த இடத்திலேயே காலம் நின்றுவிடுகிறது. எல்லோரும் திரும்பி வருகிறார்கள். யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பது விரல் நீட்டிக் காட்டப்படுகிறது. ஏன் அந்த பாஸ் போகவில்லை என்று கரையில் நிற்கிற எனக்கும் புரிகிறது. மூன்றாம் முறை இடது காலால் அந்தச் சின்னப் பெண் உதைத்த பந்து பின்வரிசைப் பெண்ணின் முட்டியில் பட்டுத் திரும்பியது. நான்காம் முறை, வில் மாதிரி வளைந்து, கீப்பரின் கைக்கு எட்டாமல், ஒன்பதாம் எண் பெண்ணின் நெற்றிக்கு நேராக வந்தது. அவள் தலையால் முட்டினாள். பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. கோல் இல்லை. ஆனால் பயிற்சியாளர் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். எதிரணிப் பெண்களும் தட்டினார்கள். என் அத்தை மகன் எழுந்து நின்று விசிலடித்தான். ஆட்டத்துக்கான விசில் என்று நினைத்து நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாழைப்பழமும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் சாப்பிட்டார்கள். கடைசியாக இறங்கிய கடைக்குட்டிகள் இரண்டு பேர் ஓரமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் மெதுவாக அவர்கள் பக்கம் நகர்ந்து போனாள். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள், முட்டியில் மண்ணோடு.

      மைதானத்தை விட்டுக் கிளம்பினோம்.

பழைய நகரம் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சாலை போகிறது. சிதம்பரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. விழா தொடங்கும் சிவராத்திரிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நாட்டியாஞ்சலி 1981-லிருந்து நடக்கிறது. எந்தெந்த ஊரிலிருந்தோ ஆடுகிறவர்கள் வந்து குவிவார்கள். மதியம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு கிழக்குக் கோபுரத்துக்குப் போனோம்.

கோபுர வாசலின் இருபக்கச் சுவரிலும் 108 கரணங்கள், கட்டம் கட்டமாக. பலமுறை பார்த்ததுதான். அன்றைக்கு வேறாகத் தெரிந்தது. கரணம் என்பது முழு ஆடல் இல்லை. கை, கால், உடல் மூன்றும் சேர்ந்து செய்யும் ஒரே ஓர் அசைவு. அதைத் தனியாகப் பழகி, பிறகு ஒன்றோடொன்று கோத்தால்தான் ஆட்டம். முடிந்துபோன கச்சேரியின் படத்தை அந்தச் சிற்பிகள் சுவரில் செதுக்கவில்லை. பழக வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குட்டிக்கரணம் என்ற சொல்லில் இருக்கிற கரணமும் இதுதானே என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்து, உடலைப் பின்னால் வளைத்த ஓர் உருவத்தின் முன் நின்றாள். "இத அந்தப் பொண்ணு காலைல போட்டாளே" என்றாள்.

இரவு தூக்கம் வரவில்லை என்று லாட்ஜ் மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே ஒரு நடனக்குழு. சலங்கை கிடையாது, அலங்காரம் கிடையாது. சுடிதாரின் மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிய ஏழெட்டுப் பெண்கள். கீழ்த்தளத்தில் தூங்குகிறவர்களுக்காகப் பாதத்தைத் தட்டாமல் தொட்டு எடுத்தார்கள். வயதான ஆசிரியை தட்டுக்கழிக்குப் பதிலாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வரிசை மாறும் ஓர் இடத்தில் இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டார்கள். தாளம் நின்றது. "பழைய இடத்துக்குப் போங்கம்மா" என்றார். என் அத்தை மகன் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து பன்னிரண்டரை மணி வரை பார்த்தான். மறுநாள் இரவு மேடையில் விளக்கொளியில் அவர்கள் ஆடியதும் அழகுதான். அந்த இடத்தில் யாரும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள், எனக்குத் தெரிந்து, கூட்டத்தில் நாங்கள் மூவர் மட்டும்தான்.

திரும்பும்போது கடலூர் வழியாகத்தான் வந்தோம். ஸ்டேடியம் போக வேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை, வண்டி தானாக மஞ்சக்குப்பம் பக்கம் திரும்பியது. திங்கட்கிழமை மாலை நாலரை மணி. அணி இன்னும் வரவில்லை. கோடு போட்ட சுண்ணாம்பு பாதி அழிந்து கிடந்தது. அந்தச் சின்னப் பெண் மட்டும் பள்ளிச் சீருடையோடு, புத்தகப்பையைத் தரையில் வைத்துவிட்டு, சுற்றுச்சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். பந்து சுவரில் பட்டுத் திரும்பி எந்தப் பக்கம் வந்தாலும் ஓடிப் போய் உடலைத் திருப்பிக்கொண்டு நின்று உதைத்தாள். சில சமயம் பந்து நேராக வலது காலுக்கே வந்தது. அப்போதும் ஓரடி தள்ளி நின்றாள்.

அண்ணன் மகள் கார் கண்ணாடியை இறக்கி எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டியபோது நான் வண்டியைக் கிளப்பினேன். அதுவரைக்கும் அந்தப் பெண் வலது காலால் ஒருமுறைகூட உதைக்கவில்லை.